சூடேறாத ஒரு கல்

ஹமாம் அறையின் தரையில் ஒரு கல் மட்டும் சூடேறவில்லை.

தரைக்கு அடியில் நேற்று மதியம் மூட்டிய நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மற்ற கற்களில் வெறுங்காலை வைத்தால் துள்ள வேண்டும். கம்பளி விரித்த பிறகும் சூடு மேலே எழுந்து, ஹஃபீஸாவின் முழங்கால் வலியை உருவி எடுத்தது. சுவரில் பதித்திருந்த செம்புத் தொட்டியில் தண்ணீர் குமுறியது. அத்தனை சூட்டுக்கும் நடுவில், தொட்டியை ஒட்டினாற்போல் இருந்த அந்த ஒரு கல், நதியின் அடியிலிருந்து அப்போதுதான் எடுத்துப் போட்டதுபோல் கிடந்தது. அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. வெறும் குளிர். வைத்த கையை எடுக்கும்போது தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

“வேலை பார்த்த லட்சணம்!” என்று முனகினாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை. ஸமத் வொஸ்தா அதையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டிருந்தார்.

ஸ்ரீநகரின் பழைய நகரத்தில் ஹமாம் வேலை தெரிந்த கொத்தனார்கள், ஊர்ப் பேச்சில் வொஸ்தாக்கள், பலர் உண்டு. ஆனால் ஸமத் வொஸ்தாவைப் போல் கல் தூக்க ஆளில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். தரைக்கல்லின் மேல், விளிம்புவரை உப்புத் தேநீர் ஊற்றிய கோப்பையை வைத்து, கல்லைப் பெயர்த்துத் தூக்குவார். ஒரு சொட்டுத் தளும்பாது. தூக்கி இறக்கி, அந்தத் தேநீரையும் அவரே குடித்துவிடுவார். அதெல்லாம் அவர் வந்தால்தானே!

அவர் ‘வர்றேன்’ என்று சொன்ன நாட்களை வரிசையாக நட்டால் டால் ஏரியைச் சுற்றி வேலி போட்டுவிடலாம். தொலைபேசியில் எப்போது கேட்டாலும், “உங்க சந்து முனையிலதான் பெனி நிக்கிறேன்” என்பார். பெனி, பெனி என்று கூடப்பிறந்த அக்காளைக் கூப்பிடுவதுபோல் அவர் குழைவதைக் கேட்டால் மனசு உருகிப்போகும். அதையெல்லாம் நம்பினால் ஸ்ரீநகரத்துச் சந்து முனை ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் ஒரு ஸமத் வொஸ்தா நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்தப் பனிக்காலத்தில் மட்டும் அவருடைய மாமியார் மூன்று முறை காலமானார். மூன்றாவது முறை அந்த அம்மாளே ரொட்டிக் கடையில் ஹஃபீஸாவைப் பார்த்து ஸலாம் சொல்லி நலம் விசாரித்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடும்போது ஏதாவதொரு பொருளை அடமானம்போல் விட்டுப் போவார். ஒரு வீட்டில் சுத்தியல், ஒரு வீட்டில் கரண்டி, எதிர்வீட்டு ஸூனியிடம் போன வருஷத்திலிருந்து ஒரு தொப்பி. “என் பொருள் இங்க இருக்குல்ல, நான் எங்க ஓடிடப்போறேன்?” என்பார். பாதி ஊரின் பரணில் அவருடைய சாமான்கள் கிடந்தன.

வேறு சமயமாக இருந்தால் ஹஃபீஸா பனிக்காலம் முழுவதும் குளிக்காமல்கூட ஓட்டியிருப்பாள். இது அப்படியில்லை. மகள் நிகத்துக்கு, கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. “மருந்து பெருசா ஒண்ணும் வேணாம், சூடு விடாம பாத்துக்குங்க” என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். சில்லைக் கலானின் நாற்பது நாள் குளிரில், குழாய்த் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிட்ட ஊரில், மின்சாரம் விருந்தாளியைப் போல் வந்துபோகிற வீட்டில், சூட்டுக்கு ஹமாமை விட்டால் வேறு கதி கிடையாது. அந்த ஹமாமோ கரி அடைத்துக்கொண்டு, புகையை உள்ளே கக்கிக்கொண்டு, தண்ணீரை வெதுவெதுப்புக்குக்கூடக் கொண்டுவராமல் கிடந்தது.

நேற்றுக் காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதியம் திரும்பியபோது, பின்கொல்லைப் பனியில் கரி ஒரு குன்றாகக் குவிந்திருந்தது. சுவரின் அடியிலிருந்த அடுப்பு வாய் துடைத்து வைத்த பாத்திரம்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். அவற்றுக்குள் பனி பாதிவரை விழுந்திருந்தது.

நம்ப முடியாமல் சிரித்துவிட்டாள். வந்திருக்கிறார்! கரியை வாரியிருக்கிறார்! வழக்கம்போல் அடமானத்தையும் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். இந்தப் பனியில் பூட்ஸ் இல்லாமல் எப்படிப் போனார் என்று ஒரு கணம் தோன்றியது. யாருடைய செருப்பையாவது மாட்டிக்கொண்டு போயிருப்பார். போன தடவை அவர் மாட்டிக்கொண்டு போன ஸூனி புருஷனின் செருப்பு இன்னும் திரும்பி வரவில்லை.

ஆசை ஆசையாக விறகை அடுக்கினாள். நெருப்பு தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டு, தரைக்கு அடியில் ஒரு மனிதன் தவழ்ந்து போகிற உயரமுள்ள வெற்றிடம் முழுக்கப் பரவி, மறுபக்கப் புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டும். முதல் கட்டையைத் தள்ளினாள். பாதி போனதும் எதிலோ முட்டியது. கல்லில் முட்டியது போலில்லை. மெத்தென்று இருந்தது. பிறகு கட்டை, கொஞ்சமே கொஞ்சம், அவள் பக்கமாகத் திரும்பி வந்தது.

மிச்சக் கரி சரிகிறது என்று நினைத்துக்கொண்டு, காலால் உதைத்து உள்ளே திணித்துவிட்டு நெருப்பு வைத்தாள்.

இதெல்லாம் நேற்று.

கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, ஸூனி சூடான ரொட்டியோடு உள்ளே வந்தாள். வந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

“ஏண்டி ஹஃபீஸா, மகளுக்கு ஆட்டுக்கால் சூப்பா? நேத்திலேருந்து சந்து பூரா கால் வாட்டுற வாசனை. எனக்கு ஒரு கிண்ணம் ஊத்தினா உன் சொத்தா கரைஞ்சிடும்?”

“நான் எங்கடி வாட்டினேன்? உங்க வீட்லன்னுல்ல நான் நினைச்சேன்.”

“எங்க வீட்ல ஆட்டுக்கால் வந்தா மொகல்லா ஜனமே பந்தி போட்டு உக்காந்துடாது?” ஸூனி சிரித்துக்கொண்டே கம்பளியில் சரிந்தாள். “ஆனா சும்மா சொல்லக்கூடாது. தரை என்னமா சுடுது! அந்தத் திருட்டுப்பயல் கை வச்சா வச்சதுதான்.”

தரைக்கு அடியில் டொக் என்றது.

“செம்பு சூடேறினா அப்படித்தான்” என்றாள் ஹஃபீஸா. ஸூனி எதுவும் கேட்டிருக்கவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நிகத் வந்தாள். சால்வைக்குள் சால்வையாகச் சுற்றிய ஒரு பொட்டலம். அதன் நடுவில் கொட்டைப் பாக்கு போல ஒரு முகம். ஹமாம் அறைக்குள் வந்ததும் அந்த முகத்தின் நீலம் மெல்ல மெல்லக் கரைந்து ரோஜா நிறமாவதை, ஹஃபீஸா கதவோரம் நின்று பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனை நாள் இத்தனை பொய்களைச் சகித்தாள்! கண் நிறைந்தது. குழந்தையைக் கம்பளியில் கிடத்தினார்கள். அது ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

கொஞ்ச நேரத்தில் நிகத் கூப்பிட்டாள்.

“மோஜி, இங்க ஒரு கல்லு ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?”

“அது அப்படித்தான். தொட்டிப் பக்கம் போகாதே.”

“தொட்டி அங்கல்ல இருக்கு?”

ஹஃபீஸா மண்டியிட்டாள். தொட்டியை ஒட்டிய கல் இப்போது சுட்டது. குளிர் நகர்ந்து அறையின் நடுவுக்கு வந்திருந்தது. கம்பளிக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். ஓர் அகலமான குளிர். அதன் மேல் முனையில் உருண்டையாக ஒரு குளிர். இரண்டு பக்கமும் நீளநீளமாக, மடங்கி, முன்னால் நீட்டிய குளிர். தவழ்கிறவனின் கைகள்போல.

குழந்தையைச் சுவரோரக் கல் ஒன்றில் சின்னக் கம்பளி மடித்துப் போட்டு மாற்றிக் கிடத்தினாள்.

சாயங்காலத் தொழுகைக்கு அழைக்கும் முன்பே வானம் இருண்டுவிட்டது. பின்கொல்லைக் கதவில் சங்கிலி ஆடியது. பனியில், ஃபெரன் அங்கிக்குள் கணப்புச் சட்டியை அணைத்தபடி, ஸமத் வொஸ்தாவின் மனைவி ஸாஜா நின்றிருந்தாள். அந்தப் பொம்பிளையின் முகத்தில் இருந்த அலுப்புக்கு முன்னால் ஹஃபீஸாவின் அலுப்பெல்லாம் பச்சைக் குழந்தை.

“எங்க வீட்டு மகாராசா இங்க வந்தாரா பெனி?”

“ஏன்?”

“நேத்துக் காலையில கிளம்பினவரு. ‘பச்சப் புள்ள வருது, ஹஃபீஸா பெனி வீட்டு வேலையை முடிக்காம திரும்ப மாட்டேன்’னு சத்தியம் பண்ணிட்டு வந்தாரு. சத்தியம் பண்ணினா வேற எங்கயோ போறாருன்னு அர்த்தம். அதான் நேத்து நான் தேடல.” ஸாஜா நிமிர்ந்து கூரைக்கு மேலே பார்த்தாள். “புகை நல்லா இழுக்குதே. அவரு கை மாதிரில்ல இருக்கு?”

விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் அந்த பூட்ஸ். அதைச் சுற்றிப் பனி. பனியில் ஹஃபீஸாவின் காலடிகள் மட்டும்.

மெத்தென்று முட்டிய கட்டை. திரும்பி வந்த கட்டை.

வந்தார் என்று சொன்னால் நெருப்பை அணைக்க வேண்டும். தரையைப் பெயர்க்க வேண்டும். உள்ளே, உள்ளங்கை அளவு ஒரு முகம் அப்போதுதான் சிவந்திருந்தது.

“வரலியே” என்றாள். அவள் கால் அவளைக் கேட்காமலே பூட்ஸை விறகுக்குப் பின்னால் நகர்த்தியது. “வேற ஆளு வந்து பாத்தாரு.”

“வேற ஆளா?” ஸாஜாவின் முகம் சுருங்கியது. புருஷனைத் திட்டலாம், புருஷன் தொழிலை இன்னொருத்தனுக்குக் கொடுத்ததைத் தாங்க முடியாது. “இருக்கட்டும். அவரு வந்தா சொல்லுங்க, சோறு ஆறிப்போச்சுன்னு.”

அவள் சந்துக்குள் மறைந்தாள். ஹஃபீஸா அடுப்பு வாய்க்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். குனிந்து பார்க்கவில்லை. நேற்று மதியம் நடந்தது நடந்துவிட்டது. இனி அணைத்து யாருக்கு என்ன? குளிர் கொஞ்சம் தணியட்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு. அவருடைய வார்த்தை அவள் வாயில்.

இன்னொரு கட்டையை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே நீட்டினாள். தள்ள வேண்டியிருக்கவில்லை. உள்ளிருந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே ஓடினாள். மின்சாரம் போயிருந்தது. நிகத் மெழுகுவர்த்தி ஏற்றி, தேநீர்க் கோப்பையைக் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். டொக். டொக். நிதானமாக. செம்பு அப்படிச் சத்தம் போடாது. அது சுத்தியல் சத்தம்.

ஹஃபீஸா தொலைபேசியை எடுத்து ஸமத் வொஸ்தாவைக் கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு பொய் வேண்டும். ஒரே ஒரு பொய். எங்காவது ஒரு வீட்டில் உட்கார்ந்து ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டு, சந்து முனையில் நிற்கிறேன் என்று அவர் சொன்னால் போதும். இந்தப் பிறவிக்கு அவரை மன்னித்துவிடுவாள்.

எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க பெனி.” அதே குழைவு. பின்னால் ஹோவென்று ஓர் இரைச்சல், பெருங்காற்றில் நின்று பேசுவதுபோல.

“எங்க இருக்கீங்க வொஸ்தா?”

“உள்ளதான்.”

“சந்து முனைன்னு சொல்லுங்க.” அவள் குரல் உடைந்தது. “எப்பவும் சொல்லுவீங்கல்ல? சொல்லுங்க வொஸ்தா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எதுக்குப் பெனி பொய்? சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்.” காதில் ஒரு டொக். காலடியில் அதே டொக். “ஒரே ஒரு கல்லுதான் பாக்கி. முடிச்சிட்டு மேல வந்துடறேன்.”

இணைப்பு அறுந்தது.

இரைச்சல் அறவில்லை.

ஹஃபீஸா தவழ்ந்தாள். தரையைத் தடவினாள். இங்கே சூடு. இங்கே சூடு. நடுவில் சூடு. எல்லாக் கல்லும் சூடு. சுவரோரம் போனாள். குழந்தையின் கம்பளிக்கு அடியில் கையை விட்டாள்.

குளிர்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கல்லின் நான்கு ஓரங்களிலும் சுண்ணாம்பு மெல்ல உதிர்ந்தது. கோடாக ஒரு சிவப்பு வெளிச்சம். ஆட்டுக்கால் வாட்டுகிற வாசனை.

வார வேண்டும். பிள்ளையை வாரி எடுக்க வேண்டும். கைகள் தரையோடு ஒட்டிக்கிடந்தன.

கல் எழுந்தது. ஒரு விரல் உயரம். பிறகு ஒரு சாண். ஆட்டமில்லாமல், அவசரமில்லாமல், தூங்குகிற குழந்தையோடும் அதன் பக்கத்தில் விளிம்புவரை நிறைந்திருந்த கோப்பையோடும் எழுந்துகொண்டே வந்தது. அடியில், கல்லைத் தாங்கியபடி, பத்துக் கரிய விரல்கள்.

தேநீர் ஒரு சொட்டுத் தளும்பவில்லை.