முதல் தேத்தண்ணி

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள், பின்னேரம் நாலு மணிக்கு, ராஜலிங்கம் மடுல்கெல்லத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தான். செத்துப்போன அக்கா பேச்சியம்மாவின் காம்பராவைத் திறந்து, அவள் கும்பிட்ட மாரியம்மன் படத்தை எடுத்துக் கோயிலில் கொடுக்க வேண்டும். அரைமணி நேர வேலை. கீழ் மலையிலிருந்து மூடுபனி மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் வேப்பிலை கருகும் வாசம் முகத்தில் அடித்தது.

அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று கிடந்தது.

படத்துக்கு முன்னால் அக்காவின் பித்தளைத் தம்ளர் இருந்தது. அதில் விளிம்புவரை தேத்தண்ணி. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்தத் தம்ளரை அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பேச்சியம்மா விடிய எழும்பி, முதல் தேத்தண்ணியை ஊற்றி அம்மனுக்கு முன்னால் வைத்துவிட்டுப் மலைத்தண்ணி விழும் பீலிக்கு முகம் கழுவப் போவாள். வந்து கும்பிட்டபின்தான் அதை எடுத்துக் குடிப்பாள். வருஷத்தில் மூன்று நாலு தடவை அவளுக்கு அருள் வரும். வருமுன் வேப்பிலை கருகும் வாசம் அவளுக்கு மட்டும் அடிக்கும். பிறகு உடம்பு வெட்டும், வாயில் நுரை தள்ளும், தெளிந்ததும் வாக்குச் சொல்வாள். கொழுந்து பறிக்கிறவள்தான், ஆனால் கங்காணிகூட அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். புருஷன் விட்டுப்போனவளுக்கு அந்தப் பேர்தான் சோறும் தூக்கமும்.

ராஜலிங்கமோ தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்க்கிறவன். நாலு மருந்தின் பேர் தெரிந்துவிட்டால் சாமிக்கே வைத்தியம் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்துவிடும் போலிருக்கிறது. இது வலிப்பு, மூளையில் ஓடுகிற மின்சாரம் தாறுமாறாகிறது என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்தாள். அதோடு பேச்சை விட்டான், வலிப்பு மாத்திரையைக் கையில் எடுத்தான். தினமும் விடிய வந்து, அவள் முகம் கழுவப் போகிற நேரம் பார்த்து, படத்துக்கு முன்னால் இருந்த தம்ளரிலேயே பொடித்துக் கரைத்தான். அம்மனுக்கு வைத்ததில்!

எட்டு மாதம் கரைத்தான். வலிப்பு நின்றது. அம்மனும் நின்றுபோனாள்.

"ஆத்தா எங்கிட்ட வரவே மாட்டேங்குறாடா தம்பி. நான் என்ன குத்தம் செஞ்சேன்?" என்று ஒருநாள் அவன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வாக்குக் கேட்க வந்த சனம் அவளைப் பாராமல் கடந்து போகத் தொடங்கியிருந்தது. அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஹுன்னஸ்கிரியவில் கூட்டாளி கல்யாணம் என்று ஒரு கிழமை போய்விட்டான். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னையைவிட மூர்க்கமாக வரும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது? தின்கிறவளுக்கே தெரியாத மாத்திரை. நாலாம் நாள் அவள் பீலிக்கரையில் விழுந்தாள். ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்தது. ஆத்தா திரும்பி வந்துவிட்டாள் என்று சனம் தப்பு அடித்தது, சூடம் கொளுத்தியது. ஒரு மணி நேரம் சுற்றி நின்று கும்பிட்டார்கள். ஒருத்தரும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைக்கவில்லை.

ராஜலிங்கம் வாசலுக்கு வந்து, பக்கத்துக் காம்பரா பாலம்மாவிடம் தேத்தண்ணி வைத்தது நீங்களா என்று கேட்டான்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு, தம்பி," என்றாள் அவள்.

வேப்பிலை வாசம் அடிக்கிறதா என்று கேட்டான். மோந்து பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள்.

அவனுக்கு மட்டும்தான்.

அதில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே தாய் வயிறு. அக்காவுக்கு வந்த நோய் தனக்கும் வருகிறது, வேறொன்றுமில்லை. தானே ஒரு மாத்திரையை விழுங்கிவிடலாமென்று, அக்காவுக்குத் தெரியாமல் அவள் கூரை இடுக்கில் ஒளித்துவைத்திருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

பொட்டலம் காலி.

"ஆத்தா குடிச்சிட்டா," என்று காதோரம் அக்காவின் குரல் மெல்லக் கேட்டது. "நீயும் குடி, தம்பி."

படத்தை விட்டுவிட்டு ஓடினான்.

அதன்பிறகு அவன் வாய் வைத்த தேத்தண்ணியெல்லாம் கசந்தது. அக்குறணையில் தாஸிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் சீனியை அள்ளிப் போட்டும் கசந்தது. அதே பானையிலிருந்து ஊற்றியதை ஊரே குடிக்கிறது, உங்கள் நாக்கில்தான் கோளாறு என்றார் நானா. மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். கடைசியில் கண்டியில் மூளை வைத்தியர் வீரசிங்கத்திடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னான். தலையில் வயர் ஒட்டிச் சோதித்தார்கள். நோய் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நோயென்றால் மருந்து உண்டு. நோயென்றால் அது அக்கா இல்லை.

"உமக்கு ஒண்டுமில்லைத் தம்பி," என்றார் வீரசிங்கம். "மூளை நல்லா இருக்கு. மனம்தான் கிடந்து உழலுது. கோயிலுக்குப் போய்க் கும்பிடும், ஆறும்."

கோயிலுக்கு! ராஜலிங்கம் வாய்விட்டுச் சிரித்தான், சிரிப்பு அழுகையாகிவிட்டது.

வைத்தியர் சங்கடத்துடன் மேசையிலிருந்த தன் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. எழுந்து மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு, கோப்பையின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாக மாவு படிந்திருந்தது.

"ஆர் இதுக்குள்ள மாத்திரையைக் கரைச்சது?" என்றார்.