காணாமல் போன ஸ்டிக்கர் புரோகிராம்

வியாழக்கிழமை, காலை 9.15. கப்பலூர் தொழிற்பேட்டையில் சுருளியின் ஊறுகாய் கம்பெனி. வாசலில் லாரி. உள்ளே நாலாயிரம் பாட்டில், ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராமையே கம்ப்யூட்டரில் காணோம்.

10.25. பழங்காநத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் கனகா. போன வாரம் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"ஓசி சிஸ்டத்தப் போட்டு என் பொழப்பக் கெடுத்துட்டியேம்மா!" என்று பாய்ந்தார் முதலாளி சுருளி.

கனகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சிஸ்டம் தானா எதையும் தூக்காதுண்ணே. யாரோ பாஸ்வேர்டு போட்டு எடுத்திருக்காங்க."

"வேற யாரு? இந்தா நிக்கிறாளே, இவதான்!"

ஆபரேட்டர் தமிழ்வாணி கையில் வெள்ளைத்தாள். வேலையை விடுவதாக எழுதச் சொல்லி சூப்பர்வைசர் அசோக்குமார் கொடுத்தது.

"செவ்வாக்கெழம வாடிப்பட்டியில காதுகுத்துன்னு லீவு போட்டா. நேத்து எல்லாருக்கும் முன்னாடி நாலு வாங்கு வாங்குனேன். அந்த ஆத்திரத்துல அழிச்சுட்டா."

"நான் தொடவே இல்ல," என்றாள் தமிழ்வாணி பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் கனகா.

அசோக்குமார் சிரித்தார். "மானிட்டர்லயே ஒட்டியிருக்கேக்கா. ஆனா இந்த ரூம்ல உக்கார்றது நாங்க ரெண்டு பேருதான். நான் எது வந்தாலும் 'எஸ்'ஸ அமுக்குற ஆளு. எனக்கென்ன தெரியும்?"

கனகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புரோகிராம்களை ஏற்றியது, எடுத்தது எல்லாவற்றையும் நிமிஷத்தோடு குறித்து வைக்கும் பதிவைத் திறந்தாள். அதில் ஆள் பெயர் இருக்காது, நேரம் இருக்கும்.

"இன்னிக்குக் காலையில 9.12க்கு ஸ்டிக்கர் புரோகிராம் போயிருக்கு. கூடவே ஒரு சீட்டாட்டமும் போயிருக்கு."

"சீட்டாட்டமா?"

"யாரோ வெளையாட ஏத்தியிருக்காங்க. நீங்க வர்ற நேரம் பாத்து, தடயமே இருக்கக்கூடாதுன்னு அதோட துணைப் புரோகிராமையும் எடுத்திருக்காங்க. ஸ்டிக்கர் புரோகிராமும் அந்தத் துணைய நம்பித்தான் ஓடுது. 'இதுவும் சேந்து போகும், சரியா'ன்னு சிஸ்டம் கேட்டிருக்கும். படிக்காம எஸ் அமுக்கியாச்சு."

"இவதான் வெளையாடியிருப்பா!" என்றார் அசோக்குமார்.

"அழிச்சது யாருன்னுதான் எல்லாரும் கத்துனீங்க. ஏத்துனது எப்பன்னு ஒருத்தரும் கேக்கல." கனகா திரையைத் திருப்பினாள். "செவ்வாக்கெழம. மத்தியானம் 1.20."

சுருளி குனிந்து திரையைப் பார்த்தார்.

"இவ வாடிப்பட்டியில இருந்த அன்னிக்கு..." சுருளி மெல்ல அசோக்குமார் பக்கம் திரும்பினார். "ஏன்டா!"

"தெரியாம அமுக்கிட்டேண்ணே."

"அமுக்குனது தெரியாமத்தான்," என்றாள் கனகா. "இவ கையில தாளக் குடுத்ததும் தெரியாமயா?"

11.05. புரோகிராம் மீண்டும் ஏறியது. முதல் ஸ்டிக்கர் வந்து விழுந்தது.

"சரி தாயி, போயி வேலையப் பாரு," என்றார் சுருளி.

தமிழ்வாணி நகரவில்லை. "எல்லாருக்கும் முன்னாடிதான திட்டுனீங்க? எல்லாரையும் கூப்புடுங்க. நான் எதையும் அழிக்கலன்னு அவங்களுக்கு முன்னாடி சொல்லுங்க."

"லாரி நிக்கிதும்மா..."

கனகா எட்டி பிரிண்டரை நிறுத்தினாள். "நிக்கட்டும்."