காக்காய்க்கு வைக்காத பிடி

தட்டு காலியாகத் திரும்பி வந்ததுதான் றிப்காவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பருக்கை இல்லை, ஒரு துளி கறி இல்லை. நக்கி எடுத்ததுபோல் பளபளத்தது. தயானி அப்படிச் சாப்பிடுகிறவள் அல்ல. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டிலிருந்து கல்லூரி விடுதிக்கு வந்த நாள் முதல், எந்தச் சோற்றிலும் முதல் பிடியைக் காக்காய்க்கென்று ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். "அது தின்னாத்தான் எங்கப்பா தின்ன மாதிரிடி," என்பாள். செத்துப்போன அப்பா. காய்ச்சலோடு அவளை அடைத்து வைத்த பிறகும் அந்தப் பிடி தட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. றிப்கா அதை எடுத்து மதிலில் வைப்பாள். இன்று அது வரவில்லை.

விடுதியில் காய்ச்சல் பரவியபோது கல்லூரி சும்மா இருந்துவிடவில்லை, பாவம். வாசலில் கை கழுவக் குழாய் வைத்து, அதற்கு ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தது. புதுக் கட்டடத் திறப்பு விழா நெருங்கிவிட்டதால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது என்றார் அதிபர். வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கார்கள் வந்து ஏற்றிப்போயின. தயானிக்குக் கார் வரவில்லை. கல்லூரிக்குப் பின்னால், ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்து வாட்டிய பழைய ஸ்டோருக்குள் அவளை விட்டுப் பூட்டினார்கள். கதவடியில் தட்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. யாரும் உள்ளே போகக் கூடாது; தட்டு காலியாக வந்தால் பிள்ளை சுகம். இதுதான் கல்லூரி கண்டுபிடித்த வைத்தியம். ஒரே அறைக்காரி என்பதால் சோறு கொண்டுபோகும் வேலை றிப்காவின் தலையில் விழுந்தது.

மறுநாள் அந்தியில், பதுளைப் பக்கமிருந்து ஏறிவந்த பனி தகரச் சுவர்களில் சொட்டிக்கொண்டிருக்க, கதவிடுக்கில் பழைய தேயிலைத் தூளின் வாசமும் அதற்கடியில் ஈரச் சாக்கு அழுகியதுபோல் ஒரு வாடையும் கசிய, அவள் குந்தியிருந்து தட்டைத் தள்ளினாள். பாதி போனதும் தட்டு வெடுக்கென்று உள்ளே இழுபட்டது.

"தயானி, ஒரு வார்த்தை பேசுடி."

மெல்லும் சத்தம் மட்டும். அவசரமில்லாத, ஈரமான சத்தம். தரையோடு தரையாக. தட்டு வெளியே வந்தது. காலி.

விடுதிப் பொறுப்பாளர் ஹம்ஸியா மிஸ்ஸிடம் ஓடினாள்.

"மிஸ், கதவத் தொறங்க. உள்ளுக்கு ஈக்கிறது தயானி இல்ல."

"சாப்பிடுறா தானே மகள்? பொறகென்ன?"

"அவட அம்மாக்குப் போன்ல கோல் எடுக்கப் போறேன் மிஸ். ஆஸ்பத்திரிக்கும் சொல்லுவேன்."

மிஸ்ஸின் முகம் மாறியது. காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து அவள் நெற்றிக்கு நேரே நீட்டினார். அந்தக் கருவி வாய் திறப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சூடு காட்டும்.

"ஒனக்கும் சூடு ஈக்கிது மகள்."

போனில் கிருமி இருக்குமாம், வாங்கிக்கொண்டார்கள். கையுறை போட்ட காவலாளிகள் அவளை ஸ்டோருக்கு இழுத்துப்போனார்கள். "தனியா இல்லயே, தயானி ஈக்கிறா தானே," என்றார் மிஸ், ஆறுதலாகத்தான்.

பூட்டு விழுந்தது.

இருட்டு கண்ணுக்குப் பழகியபோது கட்டில் தெரிந்தது. கட்டிலில் தயானி. போர்வைக்கு வெளியே தொங்கிய கையைத் தொட்டாள். ஜில்லிட்டு விறைத்திருந்தது. நேற்றே செத்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. தட்டுத்தான் காலியாக வந்ததே! றிப்காவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

வெளியே செருப்புச் சத்தம். கதவடியில் இரண்டு தட்டுகள் நுழைந்தன.

"மிஸ்! தயானி மௌத்து மிஸ்! தொறங்க!"

"கத்தாத மகள். சாப்பிடு."

அப்போது மூலையில் கிடந்த பழைய சாக்குகள் அசைந்தன. அவற்றுக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது. இன்னும் நீண்டது. தட்டுகளை இழுத்துக்கொண்டது. காக்காய்க்கு ஒதுக்கவில்லை. மென்றது. நக்கியது. வெளியே தள்ளியது.

றிப்கா கதவை இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

கதவுக்கு அப்பால் மிஸ் அதிபரிடம் போனில் பேசுவது கேட்டது. "ஓ சேர். ரெண்டு தட்டும் காலி. ரெண்டு பிள்ளையும் சுகம்."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. தட்டுகள் இரண்டும் வெளியே கிடந்தன.

மெல்லும் சத்தம் மறுபடி தொடங்கியது. இம்முறை கட்டில் பக்கமிருந்து.