யாரைக் காப்பான்?

அம்மா பள்ளிக்குப் பேச வருகிறாள் என்றதிலிருந்து சிட்டுவுக்குக் கால் தரையில் படவில்லை. நான்காம் வகுப்பு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டாள். "எங்க அம்மா செடி ஆராய்ச்சி பண்றவங்க, தெரியுமா!"

இப்போது அம்மா இரண்டு பூந்தொட்டிகளோடு கூடத்தில் நின்றாள். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் அந்த ஒரே கூடம்தான். நடுவில் ஒரு மடக்குத் தட்டி இருக்கும். எல்லோரும் அம்மாவைப் பார்க்க வேண்டுமே என்று இன்று அதை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள்.

முதல் தொட்டியில் பச்சை இலை, ஊதாப் பூ. இரண்டாவதில் பூவோடு இலையும் ஊதா!

"செடிக்குள்ள மரபணுக்கள் வரிசையா இருக்கும்" என்றாள் அம்மா. "ஒண்ணை முடுக்கிவிடுற டி.என்.ஏ. துண்டு, சில சமயம் பக்கத்துல இருக்கிறதையும் முடுக்கிவிட்டுடும். பூவுக்கு மட்டும் வர வேண்டிய நிறம் இலைக்கும் வந்தது அதனாலதான். நடுவுல காப்பான்னு இன்னொரு துண்டு வெச்சா..."

"யாரைக் காப்பான்?" என்றான் நான்காம் வகுப்பு வாயாடி.

கூடமே கொல்லென்று சிரித்தது. அம்மா தடுமாறினாள். "அது வந்து... டி.என்.ஏ.வுல..." நேற்றெல்லாம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தவள், பாவம், முகம் வாடிப்போனாள். சிட்டுவுக்கு அழுகை முட்டியது. அவளுடைய அம்மாவைப் பார்த்தா சிரிப்பு?

சலசலப்பை அடக்கப் பாட்டு டீச்சர் எழுந்தார். "அஞ்சாம் வகுப்பு, ஒரு பாட்டுப் பாடுங்க!" என்று கையை உயர்த்தினார். இரண்டு வகுப்புக்கும் அவர்தான் பாட்டு டீச்சர். கை உயர்ந்தால் பாட வேண்டும் என்பது பழக்கம். நான்காம் வகுப்பும் "ஆ..." என்று சேர்ந்து கத்தியது.

"உங்களை யாரு பாடச் சொன்னது? தட்டி இருந்தா இந்த வம்பே இல்ல!" என்றார் டீச்சர்.

சிட்டு துள்ளி எழுந்தாள். "டீச்சர், தட்டியை இழுத்து விடட்டுமா? ஒரே ஒரு தடவை!"

பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டியைக் கறகறவென்று இழுத்து நடுவில் நிறுத்தினாள். டீச்சர் ஐந்தாம் வகுப்புப் பக்கம் மறைந்துபோனார்.

"நாங்க இலை. அந்தப் பக்கம் இருக்கிறவங்க பூ. டீச்சரோட கைதான் முடுக்கிவிடுற துண்டு. டீச்சர், இப்ப கையைத் தூக்குங்க!"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு பாடியது. இந்தப் பக்கம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் பாடல?" என்றாள் சிட்டு.

"கை தெரியலையே!" என்ற வாயாடியின் கண்கள் சட்டென்று விரிந்தன. "அட! தட்டிதான் காப்பானா? அப்போ இலையைக் காப்பான்!"

"அதேதான்! நடுவுல அது நின்னதாலதான் முதல் தொட்டியில இலை பச்சையாவே இருக்கு" என்றாள் அம்மா. அவள் குரலில் இப்போது தடுமாற்றமே இல்லை. பிள்ளைகள் தொட்டிகளைச் சூழ்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். சிட்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

புறப்படும்போது அம்மா அவள் காதருகே குனிந்தாள். "எனக்கே இப்படிச் சொல்லத் தோணலையேடி!"

அன்று மாலை ஆராய்ச்சிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்ப்பது அம்மாவின் முறையாயிற்று. "என் பொண்ணு என்ன பண்ணினா, தெரியுமா!"