போர்ச்சுக்கு அடியில் ஒரு கை!

சனிக்கிழமை காலை ஏழு மணி. போன் அலறியது.

சுகுமாறன் எடுத்தான். போனைவிடச் சத்தமாக அலறினாள் பெட்ரிசியா.

"தம்பி! என் போர்ச்சுல ஒரு கை!"

"யாரு கை, அக்கா?"

"பேரு எழுதியா நீட்டிக்கிட்டு இருக்கு? வாடா சீக்கிரம்! போலீசுக்கும் சொல்லிட்டேன்!"

போலீஸ்!

சுகுமாறன் சட்டையை மாட்டிக்கொண்டே கணக்குப் போட்டான். அவனுடைய கட்டுமானக் கம்பெனிக்கு வயது பத்து நாள். சொத்து... ஒரு கொத்தனார் கரண்டி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள், முந்நூறு விசிட்டிங் கார்டு! முதல் வேலையே பெட்ரிசியா வீட்டு வாசலில் கார் நிறுத்தும் போர்ச்தான். போலீஸ் வந்து மஞ்சள் நாடா கட்டினால் வேலை போச்சு. வேலை போனால் கம்பெனியும் போச்சு!

தம்பின் டவுனுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த அவள் வீட்டுக்கு மோட்டாரை விரட்டினான்.

ராத்திரி மழை மண்ணைக் கரைத்திருந்தது. போர்ச் தரைக்காக அவன் கொட்டியிருந்த கல் குவியலிலிருந்து...

ஐந்து விரல்கள்!

போலீஸ் சார்ஜன் புவனேஸ்வரன் குனிந்து லத்தியால் தட்டினார்.

டொக்!

"சிமெண்டு!"

சுகுமாறனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"எஸ்டேட் கோயில் முனியாண்டி கை, டுவான் ஐயா! புதுசா கட்டுறதுக்குப் பழைய சிலைய உடைச்சாங்க. கல்லு வாங்கக் காசு இல்ல... ஓசியில அள்ளிட்டு வந்தேன்."

பெட்ரிசியா பொங்கினாள். "அடப்பாவி! தினம் ஜெபம் பண்ற வீடுடா! வாசல்ல முனியாண்டியப் படுக்க வெச்சிருக்கியே! நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்!"

"அக்கா... அவரு காவல் தெய்வம்லா! காரப் பாத்துக்குவாரு!"

சார்ஜன் சிரிப்பை விழுங்கியபடி ரோட்டோரம் நின்ற ஜீப்புக்கு நடந்தார்.

அப்போது ஒரு ஹைலக்ஸ் வண்டி சீறி வந்து நின்றது.

குதித்து இறங்கியவர் கோயில் தலைவர் தங்கராஜு. அம்மன் நகைகள் திருடு போய்விட்டதாகப் போன வாரம் போலீசில் அழுதவர்.

"டேய்! சனிக்கிழமதானே அள்ளச் சொன்னேன்? ஏன்டா நேத்தே அள்ளின?"

"மச்சானோட காய்கறி லோரி வெள்ளிக்கிழமதான் சும்மா நிக்கும், தலைவரே."

"சாமி உடம்புடா அது! எனக்குத் திரும்ப வேணும்!"

"தோண்டணுமே... கூலி ஐந்நூறு வெள்ளி ஆகும்."

"சரி."

சுகுமாறன் திடுக்கிட்டான். பத்து காசு குறைக்காமல் தேத்தண்ணி கிளாஸைத் தொடாத மனுஷன்!

"ஆயிரம்னு சொல்ல வந்தேன், தலைவரே..."

"சரிடா!"

"மூவாயிரம்?"

"சரி! சரி! சீக்கிரம் தோண்டு!"

சுகுமாறன் ஜீப்பில் ஏறப்போன சார்ஜனைப் பார்த்துக் கத்தினான்.

"டுவான், போகாதீங்க! இவரு பேரம் பேசாம நான் பாத்ததே இல்ல. அந்தச் சிலைக்குள்ள என்னமோ இருக்கு!"

தங்கராஜு ஓடினார். பெட்ரிசியா கேட்டை இழுத்துச் சாத்தினாள்!

சார்ஜன் கல் குவியலில் மண்வெட்டியைப் போட்டார். உடையாமல் கிடந்த முனியாண்டியின் வெற்று வயிற்றுக்குள் ஒரு பிஸ்கட் டின். அதற்குள்...

அம்மன் நகைகள்!

"நேத்து ராத்திரி எடுக்கலாம்னு இருந்தேன்..." தங்கராஜு முனகினார். "போய்ப் பாத்தா முனியாண்டியே இல்ல!"

விலங்கு மாட்டிய சார்ஜன் சுகுமாறன் பக்கம் திரும்பினார். "இந்தக் கல்லு எல்லாமே சாட்சிப் பொருள். ஸ்டேஷனுக்கு வரணும்."

சுகுமாறனின் முகம் செத்தது.

"ஒரு லோரி வேணும்பா. வாடகை நாங்க குடுத்துருவோம்."

முகம் பிழைத்தது! அந்த வாடகையில் புதுக் கல்லே வாங்கலாம்!

"சரி, போர்ச்ச நீயே கட்டித் தொலை," என்றாள் பெட்ரிசியா. "ஆனா காசு குடுத்து வாங்கின கல்லுலதான்!"

சுகுமாறன் விசிட்டிங் கார்டைச் சார்ஜனிடம் கம்பீரமாக நீட்டினான்.

"லோரி நம்மகிட்டயே இருக்கு, டுவான்! ஆனா ஒண்ணு... வெள்ளிக்கிழமதான் வரும்!"