இறங்காத டேங்க்

கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில், பழைய இரும்பு வியாபாரம் செய்யும் வாணியின் கொட்டகைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கப்பல் சர்வேயர். கப்பல் மிதக்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது தொழில். என்னைத் தண்ணீரில் போட்டால் தாராளமாக மிதப்பேன். வயிறு அப்படி.

"வாங்க சபாபதிண்ணே. மைலோ அப்புறம் குடிக்கலாம், மொதல்ல தகட்டப் பாருங்க லா," என்றாள் வாணி. அவள் முகத்தில் தூக்கம் இல்லை.

உள்ளே ஒரு கப்பல் துண்டு துண்டாகச் சுவரில் சாய்ந்திருந்தது. கிள்ளான் ஆற்று முகத்தில் மண் வாரியபோது மேலே வந்ததாம். பெயர் ஆல்டன்ஷா. 1884இல் ஸ்காட்லாந்தில் கட்டிய நீராவிச் சரக்குக் கப்பல். இரும்பை விட்டு எஃகுக்கு மாறிய புதிது. எஃகு வலுவானது, மெல்லிய தகடே போதும் என்று கட்டினார்கள். வலு இருந்தது. உப்புத் தண்ணீர் அரித்துத் தின்னத் தடிப்புத்தான் போதவில்லை.

ஏழே வருடம். எல்லாத் தகடும் நன்று என்று சர்வேயர் எழுதிக் கொடுத்த எட்டாம் நாள், அரிசி மூட்டைகளோடும் முப்பத்தொரு பேரோடும் மூழ்கியது. சர்வேயர் அடித்தளத்துக்குள் இறங்கவே இல்லை என்று பிறகு அவருடைய உதவியாளர் விசாரணையில் சொன்னார். சர்வேயரிடம் கேட்க முடியவில்லை. முப்பத்தொரு பேரில் அவரும் ஒருவர்.

தகடுகளை வாங்க வந்தவர்கள் தடிப்பு அளந்து சான்றிதழ் கேட்டதால்தான் வாணி என்னைக் கூப்பிட்டாள். ஆனால் அளவுகள் ஏற்கெனவே இருந்தன. தகட்டுக்குத் தகடு வெண்கட்டியால் ஒரு வட்டம், நடுவில் ஓர் எண்.

"இது யாரு எழுதினது?"

"அதான் தெரியலண்ணே. தண்ணி அடிச்சுக் கழுவுறேன், மறுபடியும் வருது. கேமராவ ஓட்டிப் பாத்தேன். ஆளே இல்ல. எழுத்து மட்டும் வருது."

"பேய்க்குக்கூட கணக்கு வருது. என் மகனுக்குத்தான் வரல."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது அத்தனை நல்ல ஜோக்காகப் படவில்லை.

முதல் வட்டத்தில் ஏழு என்று இருந்தது. அங்குலத்தில் இருபதில் ஏழு பங்கு. அந்தக் காலத்துச் சர்வேயர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். தடிப்பு அளக்கும் என் கேஜை வைத்தேன். 8.9 மில்லிமீட்டர். மிகச் சரி.

அடுத்தது சரி. அதற்கடுத்ததும் சரி.

பத்தாவது தகட்டில் நாற்றம் வந்தது. கடலடிச் சேறு, நிலக்கரிப் புகை, ஊறிப்போன சாக்கு.

பிறகு சத்தம். சுத்தியலால் தகட்டைத் தட்டும் சத்தம். நல்ல தகடு மணி மாதிரி பேசும், அரித்த தகடு டொக்கென்று செத்த சத்தம் போடும்.

டிங். டிங். டொக்.

"இதுதாண்ணே," என்று வாணி கிசுகிசுத்தாள்.

பயம் வரவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல்வரை வலது கை மரத்துப்போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை வேறு யாருடையதோ போல ஆகுமே, அப்படி. அன்று அடித்தளத்துக்குள் இறங்காத அந்தச் சர்வேயர் இப்போது ஒவ்வொரு தகடாக அளந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததற்குக் காரணம் இருந்தது.

முந்தின நாள் கிள்ளானில் 'மெலாத்தி' என்ற சிறு சரக்குக் கப்பலைச் சர்வே பார்த்தேன். என் அக்கா மகன் லோகன் அதில் இன்ஜினியர். கப்பலின் அடியில், வலப்புறத்து மூன்றாம் டேங்கின் வாய் குறுகல். வயிறு நுழையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து டார்ச் அடித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முந்தைய அளவுகளையே எழுதினேன். மனசாட்சிக்காக எல்லாவற்றிலும் 0.2 மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டேன். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மெலாத்தி இன்று மூன்று மணிக்கு ஆறு பேரோடு கடல் கடந்து பெலாவான் துறைமுகத்துக்குப் புறப்படுகிறது.

ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஆல்டன்ஷா சர்வேயரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

தட்டும் சத்தம், இன்னும் வட்டம் விழாத கடைசித் தகட்டுக்கு வந்தது.

டொக்.

துருவின் மேல் ஒரு வெள்ளைக் கோடு வளைந்தது. வட்டமாக முடிந்தது. உள்ளே இரண்டு என்று எழுதியது. கை எதுவும் இல்லை. வெண்கட்டித் தூள் மட்டும் சிமெண்டுத் தரையில் உதிர்ந்தது.

சத்தம் நின்றது.

முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது கீழே இன்னொரு வட்டம் தொடங்கியது. அதன் பக்கத்தில், பழைய பாணிச் சாய்வெழுத்தில், ஆங்கிலத்தில்:

மெலாத்தி. மூன்றாம் டேங்க். வலப்புறம்.

வட்டத்துக்குள் எண் இல்லை.

மணி இரண்டு ஐம்பது. ஃபோனை இடது கையால் எடுத்தேன்; வலது கை எனக்கு உதவவில்லை. சொன்னால் இருபத்தெட்டு ஆண்டும் லைசென்ஸும் போகும். சொல்வது கஷ்டமாகக்கூட இல்லை. வேறு யாரோ பேசுவது போல என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லோகன், எல்லாரையும் எறக்கு. கப்பல எடுக்காதீங்க."

"ஏன் மாமா? கயிறு அவுக்கப் போறாங்க லா."

"மூணாம் டேங்குக்குள்ள நான் போகவே இல்லடா. நம்பர் எல்லாம் பொய்."

ஃபோனில் அவன் பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, "நேத்து போகல. சரி," என்றான். "இப்ப உள்ள இருக்கறது நீங்க இல்லையா?"

"நான் காப்பார்ல இருக்கேன்."

"ரெண்டு நிமிஷமா தட்டுற சத்தம் கேக்குது. நீங்கதான் சொல்லாம வந்து மறுபடியும் பாக்குறீங்கன்னு..." என்று இழுத்தான். "மாமா, அந்த மூடிய நேத்தே இருபது போல்ட் போட்டு மூடிட்டோம். ஒண்ணுகூட அவுக்கல."

"எறங்குடா!"

இன்ஜின் ஓய்ந்தது. கரைக்கு இறங்கும் பலகையில் காலடிகள் ஓடின. எண்ணினேன்.

"ஆறு பேரும் கரையில இருக்கோம் மாமா."

வாணியின் கொட்டகையில் ஓர் ஈகூட அசையவில்லை. லோகன் ஃபோனைக் கப்பல் பக்கம் நீட்டினான் போலிருக்கிறது.

டொக்.

டொக்.

டொக்.