வாசல்காரருக்கு ஒரு வாய் சாப்பாடு

சூறாவளி வந்து போன மறுநாள் காலையில் நாசெலு ஊரில் சாயாமல் நின்றவை இரண்டுதான். ஒன்று, கோயில் மேடு. இன்னொன்று, கோரோய் சித்தப்பாவின் தலைமுடி.

அந்த முடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீரர்கள் முடிக்குச் சுண்ணாம்பு பூசி விறைப்பாக நிறுத்திக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். கோரோயின் முடி பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அது நசுங்கிவிடக்கூடாது என்று கழுத்துக்கு மட்டும் மரக்கட்டை வைத்துத் தூங்குவார். புயலடித்தபோது ஊரே குகைக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் தன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மற்றதெல்லாம் போய்விட்டது. கூரைகள் காட்டுக்குள் கிடந்தன. அதைவிடப் பெரிய துக்கம், விதைக்கு வைத்திருந்த வள்ளிக்கிழங்கு முழுவதையும் கடல் அள்ளிக்கொண்டு போனதுதான். வீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். விதைக்கிழங்கு இல்லாமல் எதை நடுவது? குழியில் புதைத்துப் புளிக்கவைத்த கறிப்பலா சில மாதத்துக்குத் தாங்கும். அதற்குப் பிறகு ஊரே பட்டினிதான்.

ஊர்த்தலைவர் எல்லோரையும் கூட்டினார்.

"நுகுவா தீவுல கிழங்கு இருக்கும். புயல் அந்தப் பக்கம் போகல" என்றார்.

"இருந்து என்ன செய்ய? நாம போய்க் கேட்டா தூக்கிக் கொடுத்துடுவாங்களா?" என்றார் கோரோய்.

"நாம கேட்டாத் தரமாட்டாங்க. அவ கேட்டாத் தருவாங்க."

தலைவர் கை காட்டிய பக்கம் ஊரே திரும்பியது. அங்கே சினு கால் விரலால் மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

சினுவின் அம்மா நுகுவாவில் பிறந்தவள். தங்கை பிள்ளை வந்து நின்று எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. பன்றியைக் கேட்டாலும் தரவேண்டும், படகைக் கேட்டாலும் தரவேண்டும். எங்கள் கடற்கரையில் இதை மீறிய மாமனைப் பார்க்க முடியாது. நாசெலுவில் நுகுவாவின் தங்கை பிள்ளை சினு ஒருத்திதான்.

ஆனால் நடுவில் வாசல்காரர் இருந்தார்.

எங்கள் தீவைச் சுற்றிலும் பவளப்பாறை மதில்போல ஓடுகிறது. படகு வெளியே போக ஒரே ஒரு இடைவெளி. அதைத்தான் வாசல் என்போம். அந்த வாசலில் ஒரு பூதம் குடியிருந்தது. அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், 'வாசல்காரர்' என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். சினுவின் அம்மா கல்யாணப் பெண்ணாக வந்த படகுதான் கடைசியாக உருப்படியாக வந்த படகு. அதற்குப் பிறகு போன படகெல்லாம் கவிழ்ந்தது. போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அம்மா அதோடு பிறந்த ஊரைப் பார்க்கவே இல்லை.

வானம் தெளிந்த நாட்களில் நுகுவாவின் மலை தூரத்தில் நீலக்கோடாகத் தெரியும். அம்மா எந்த வேலை செய்தாலும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். இப்போது புயலில் கால் முறிந்து மட்டை வைத்துக் கட்டிப் படுத்திருந்தாள். அப்போதும் பாயை அந்தப் பக்கமே திருப்பிப் போடச் சொல்லியிருந்தாள்.

"எங்க ஊர்க் கிழங்கைச் சுட்டா உள்ள வெள்ளையா உதிரும் சினு. வாசனையே வேற" என்றாள்.

"தெரியும்மா. நூறு தடவை சொல்லிட்டே."

"நூத்தியொண்ணாவது தடவையும் கேளு. கிழங்கு வாங்கினா மண்ணைக் கழுவிடாதே. அப்படியே கொண்டா."

புளித்த கறிப்பலா அடையை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அப்போது அந்த வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் கடந்து போனார். அம்மா படுத்தபடியே குரல் கொடுத்தாள். "வாங்க, சாப்பிடுங்க."

"நல்லது, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எங்கள் ஊரில் நாள் முழுக்க இந்தச் சத்தம்தான். சாப்பிடும்போது யார் கடந்து போனாலும் கூப்பிட வேண்டும். போகிறவர் இப்படிப் பதில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். கூப்பிடாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டால் அதைவிடக் கேவலம் கிடையாது.

"யாருமே வரப்போறதில்ல. அப்புறம் ஏம்மா கூப்பிடுறே?" என்று சினு கேட்டாள்.

"வரலேன்னாலும் கூப்பிட்டாங்கன்னு அவங்க மனசுல இருக்கும்ல" என்றாள் அம்மா.

புயலுக்கு முன்பே குகைக்குள் இழுத்துப் போட்டிருந்த பாய்மரத் தோணியைக் கோரோய் கடலில் இறக்கினார். கையில் அவருடைய பெரிய போர்த்தடி. பூசாரி மந்திரித்த இலை கழுத்தில். முடிக்குப் புதுச் சுண்ணாம்பு.

"சண்டைக்கா சித்தப்பா போறோம்?"

"வாசல்காரரைப் பாக்கப் போறோம்ல. பாக்க லட்சணமா இருக்க வேணாமா?"

வாசலுக்குள் தோணி நுழைந்ததும் காற்று செத்துப்போனது. பாய் தொங்கியது. பாறைக்கு அடியிலிருந்து யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவது போல முனகல் கேட்டது. அதைக் கேட்டுத் தண்ணீர் மெல்லச் சுழலத் தொடங்கியது. தோணியும் சேர்ந்து சுழன்றது. கோரோய் துடுப்புப் போட்டுப் பார்த்தார், மந்திரம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

"பேசாதே சினு. மூச்சைக்கூட மெதுவா விடு" என்று கிசுகிசுத்தார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சினுவுக்குப் பயம் வந்தால் பசியும் கூடவே வரும். பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். புளித்த நாற்றம் குப்பென்று எழுந்தது.

"அதை மூடித் தொலை. செத்தவன்கூட எழுந்து ஓடிடுவான்" என்றார் சித்தப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு.

சினு ஒரு துண்டைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துத் தோணிக்கு அடியில் ஒரு நிழல் கடந்து போனது. தோணியைவிட நீளமான நிழல். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நிதானமாகப் போனது.

பால்பல் முளைத்த நாளிலிருந்து பழகிய வாய். அவள் நினைப்பதற்கு முன்பே அது சொல்லிவிட்டது.

"வாங்க, சாப்பிடுங்க."

கோரோய் அப்படியே கல்லாகிவிட்டார். நிழல் நின்றது. பிறகு திரும்பியது.

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழுந்தது. விலாங்கு மீனின் தலை, ஆனால் வீட்டுக் கூரை அளவு. நெற்றியில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. தாடைக்குக் கீழே பாசி தாடிபோலத் தொங்கியது. அது எழுந்த வேகத்தில் அடித்த தண்ணீரில் போர்த்தடி கைநழுவி ஆழத்துக்குப் போனது. சித்தப்பாவின் முடி ஈரத் துணிபோல இரண்டு காதிலும் தொங்கியது. சுண்ணாம்புத் தண்ணீர் மூக்கில் வடிந்தது.

"என்னையா கூப்பிட்டே?" என்றது அது.

சினுவுக்கு 'உங்களை இல்லை' என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் கூப்பிட்டபிறகு அப்படிச் சொன்ன ஆளை அவள் ஊரில் பார்த்ததே இல்லை.

"ஆமாங்க" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்போ எங்கே உட்காரட்டும்?" என்று கேட்டது பூதம், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு.

சினு நகர்ந்து இடம்விட்டாள். அது தாடையைத் தோணியின் விளிம்பில் வைத்தது. தோணி சாய்ந்தது. சித்தப்பா மறுபக்கம் ஓடிப்போய்ப் பாரத்துக்கு உட்கார்ந்தார். சினு அடையைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை விருந்தாளி பக்கம் வைத்தாள். பூதம் கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"புளிப்பா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"ஏன் எல்லாப் படகையும் கவிழ்க்குறீங்க?" என்று சினு கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தவரிடம் பயப்படுவது அவளுக்கு வரவில்லை.

"நான் எங்கே கவிழ்த்தேன்? யாராவது சாப்பிடுறாங்களான்னு எட்டிப் பாப்பேன். தலையை வச்சதும் அதுவாக் கவிழ்ந்துடுது." அதன் குரல் தாழ்ந்தது. "ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பொண்ணு போனா. அழுதுகிட்டே கிழங்கு தின்னா. வெள்ளைக் கிழங்கு. நான் கீழே போறதைப் பாத்து, வாங்க சாப்பிடுங்கன்னா. என்னை அதுக்கு முன்னாடி யாரும் கூப்பிட்டதில்ல. நான் மேலே வர்றதுக்குள்ள கூட இருந்தவங்க அவ வாயைப் பொத்திட்டுப் படகை ஓட்டிட்டாங்க. திரும்பக் கூப்பிடுவான்னு இங்கேயே இருக்கேன்."

சினுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது எங்கம்மா" என்றாள். "அவங்களும் உங்களாலதான் அவங்க ஊருக்குப் போகாம இருக்காங்க."

பூதம் மெல்வதை நிறுத்தியது. "எனக்குத் தெரியாதே" என்றது சின்னக் குரலில்.

"பரவாயில்ல. ஆனா ஒண்ணு. யாராவது கூப்பிட்டா உடனே உட்கார்ந்துடக்கூடாது. 'நல்லது, நீங்க சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுப் போகணும்."

"அப்போ சாப்பாடு?"

"ரொம்பப் பசிச்சா உட்காரலாம். எப்பவும் உட்காரக்கூடாது. அவங்க பானையையும் பாக்கணும்ல."

"இதை எனக்கு யாருமே சொல்லித்தரல" என்றது பூதம் வருத்தத்துடன். பிறகு ஒருதரம் சொல்லிப் பழகியது. "நல்லது, நீங்க சாப்பிடுங்க." அந்தச் சத்தத்தில் பாறையில் இருந்த பறவைகள் எல்லாம் பறந்துபோயின.

சுழல் நின்றது. பாய் புடைத்தது.

நுகுவாவில் மாமா கரையில் நின்றபடியே சினுவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "எந்தங்கச்சி மூக்கு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சினு விதைக்கிழங்கு கேட்டாள். தோணி கொள்ளும் மட்டும் ஏற்றினார்கள். யாரும் மண்ணைக் கழுவவில்லை.

"சினு, மாமாகிட்ட எனக்கொரு போர்த்தடியும் கேளேன்" என்றார் கோரோய் காதருகே.

"அப்படியே ஒரு சீப்பும் கேக்கட்டுமா சித்தப்பா?"

திரும்பி வரும்போது தோணி பாரத்தில் விளிம்புவரை அமிழ்ந்து மிதந்தது. வழிக்கென்று மாமா சுட்ட கிழங்கு கொடுத்திருந்தார். வாசல் நெருங்கியது. கோரோய் பொட்டலத்தின்மேல் கையை வைத்தார்.

"இப்ப சாப்பிடாதே. சாப்பிட்டா கூப்பிடணும், கூப்பிட்டா வருவார். இந்தப் பாரத்துல அவர் தாடையை வச்சார்னா அவ்வளவுதான். கிழங்கெல்லாம் கடலுக்குள்ள. வாயை மூடிக்கிட்டுப் போயிடலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கிழங்கு போனால் ஊர் பட்டினி கிடக்கும். ஆனால் பாறை நிழலில் இரண்டு பெரிய கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கும் அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டுதானே போனார்கள் என்று நினைத்தாள் சினு. அந்தக் கண்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

சித்தப்பாவின் கையை மெல்ல விலக்கினாள். கிழங்கை உடைத்தாள். உள்ளே வெள்ளையாக உதிர்ந்தது, அம்மா சொன்னது போலவே.

"வாங்க, சாப்பிடுங்க."

சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தலை எழுந்தது. தோணிக்குச் சற்றுத் தள்ளியே நின்றது. குவிந்திருந்த விதைக்கிழங்கைப் பார்த்தது. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பைப் பார்த்தது. அவள் கையிலிருந்த வெள்ளைக் கிழங்கைப் பார்த்து எச்சிலை விழுங்கியது.

"நல்லது" என்றது. கொஞ்சம் யோசித்து மீதியையும் சரியாகச் சொன்னது. "நீங்க சாப்பிடுங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. சினு பெரிய துண்டை இலையில் வைத்துக் கடலில் மிதக்கவிட்டாள். இலை ஒருதரம் ஆடியது, பிறகு காலியாக மிதந்தது. பின்னாலிருந்து ஓர் அலை வந்து தோணியைப் பூப்போலத் தூக்கிக் கரைப்பக்கம் தள்ளியது.

அம்மா ஒரு கிழங்கை வாங்கி, மண்ணோடு முகத்தருகே வைத்துக்கொண்டாள். ஆழமாக முகர்ந்தாள். கால் சரியானதும் முதல் படகில் நுகுவாவுக்குப் போனாள். போகும்போதும் வரும்போதும் வாசலில் படகை நிறுத்தி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

நட்ட கிழங்கு விளைந்து, முதல் அறுவடை அன்று மாலை ஊரே கரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. பாறைக்கு அப்பால் ஒரு நீண்ட நிழல் கடந்து போனது. அன்று மற்றவர்கள் வாயைப் பொத்தியதில் நின்றுபோன குரலை அம்மா முழுதாக எடுத்துக் கூப்பிட்டாள்.

"வாங்க, சாப்பிடுங்க."

கடலிலிருந்து பதில் வந்தது. தென்னை ஓலையெல்லாம் ஆடின, பானைகள் குலுங்கின. "நல்லது, நீங்க சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கோரோய் சித்தப்பா மட்டும் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.